வெள்ளாற்றங்கரையில் ஒரு வில்லங்கம்!

சிதம்பரத்தில் இருந்து புவனகிரி ஏழு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி பாக்கெட்டில் போடுவதற்குள் வெள்ளாற்றுப் பாலம் வந்துவிடும். 'ராகவேந்திரர் பிறந்த ஊருதானே?' என்பார்கள் வெளியூர் நண்பர்கள். ஆமாம், அதே ஊர்தான். அவர் பிறந்தது 1595. நாம் பிறந்தது அதற்கு ரொம்பப் பின்னாடி. அதனால் நம்மை யாரும் தேடி வருவதில்லை!

போன மாதம் லீவுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆற்றங்கரையில் சித்தி பையனோடு உட்கார்ந்திருந்தபோது, செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "அண்ணா, இதைப் பாரேன்... செம!"

அமெரிக்கக் காடு. இலை தழை டிசைனில் சட்டை போட்ட ஓர் ஆள். கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. ஆனால் முனையில் குறுக்கே ஒரு வில். பைனாகுலர் மாதிரி ஸ்கோப் வேறு. 'டப்' என்று ஒரு சத்தம்... தூரத்தில் நின்ற மான் சுருண்டு விழுந்தது.

"கிராஸ்போண்ணா! வினாடிக்கு 400 அடி பாயுமாம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு சுமார் 440 கிலோமீட்டர். நம்ம சிதம்பரம் பாசஞ்சரை நினைத்துக்கொண்டேன்.

விஷயம் வீடியோவோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. பயல், தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லி, பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் இறங்கும் கொக்கு, மடையான்தான் டார்கெட். "ஒரே மாசம்ணா. ரெடி பண்ணிடுவேன்!"

சித்தியிடம் போட்டுக் கொடுத்தால் மேட்டர் ஓவர். ஆனால் அடுத்த லீவில் அவன் என் முகத்தில் முழிக்க மாட்டான். சரி, வேறு ரூட்டில் போவோம் என்று மறுநாள் காலை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே எப்போதும் இருப்பார் எங்கள் தமிழ் ஐயா. ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஆச்சு, பாடம் நடத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஐயா சிரித்தார். "ஏம்பா, இது என்னமோ அமெரிக்காக்காரன் நேத்து கண்டுபிடிச்சதுன்னு நெனச்சியா? சிலப்பதிகாரத்துல மதுரைக் கோட்டை மதில் மேலயே இருக்கு. பேரு வளைவிற்பொறி!"

அடைக்கலக் காதையில் வருகிறது. கோவலனும் கண்ணகியும் மாதரி வீட்டில் தங்கப் போகும் நேரம். மதுரை மதிலில் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் ஒரு பெரிய லிஸ்ட்டாகவே போடுகிறார். அதில் ஒன்று இந்த வளைவிற்பொறி. ஆள் பிடித்து இழுக்காமல், தானாக வளைந்து அம்பு எய்யும் எந்திர வில் என்கிறது பழைய உரை. "ஆனா ஒண்ணு கவனி. அது மதில் மேல எதிரிக்காக வெச்சது. வேட்டைக்குப் போனவன் கையில சாதா வில்லுதான். வல்வில் ஓரி கொல்லிமலையில யானையை அடிச்சதும் அதுலதான்" என்றார் ஐயா.

வில் பெருமை கடலூர் மாவட்டத்துக்கும் உண்டு. பண்ருட்டி பக்கம் திருவதிகை. சிவன் முப்புரம் எரித்த தலம். மேரு மலைதான் வில், வாசுகிப் பாம்புதான் நாண், திருமாலே அம்பு. இவ்வளவு செட்டப்பும் செய்துவிட்டு, கடைசியில் அம்பை விடாமல் சிரித்தே எரித்துவிட்டாராம்!

புராணத்தை விட்டு பூமிக்கு வருவோம். சாதா வில்லில் நாணை இழுத்தால், விடும்வரை கைதான் தாங்க வேண்டும். கை நடுங்கும், குறி தப்பும். அதைப் பழக வருஷக்கணக்கில் ஆகும். கிராஸ்போ அந்தத் தொல்லையைத் தூக்கித் தண்டின் மேல் போட்டுவிட்டது. நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டினால் அது அப்படியே நிற்கும். ஆற அமரக் குறி பார்த்து விசையைத் தட்டினால் போதும்.

இந்தக் கொக்கியை வெண்கலத்தில் வார்த்து அசத்தியவர்கள் சீனர்கள். 1974-ல் சியான் நகரத்துக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிய விவசாயிகள் மண் பொம்மைப் படையைக் கண்டுபிடித்தார்கள் இல்லையா? முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் படை. அந்தக் குழிகளில் இதே வெண்கல விசைகளும் கிடைத்தன. 2,200 வருஷத்துக்கு முந்தைய சரக்கு. மரமெல்லாம் மக்கிப்போய்விட்டது, விசை மட்டும் அப்படியே இருக்கிறது.

பழக்கம் இல்லாதவனும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பலம். ஐரோப்பாவில் எல்லோரையும் பயமுறுத்தியதும் அதுவே. 1139-ல் ரோமில் கூடிய லாட்டரன் சபை, கிறிஸ்தவர்கள் மீது இதை ஏவக் கூடாது என்று தடை போட்டது. யார் கேட்டார்கள்? 1199-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், பிரான்ஸில் ஒரு சின்னக் கோட்டை முன்னால் கிராஸ்போ அம்பு பட்டு, அந்தக் காயத்திலேயே செத்துப் போனார். சிங்க நெஞ்சன் என்று பெயர் வாங்கியவர்!

அப்புறம் வெடிமருந்து வந்து வில்லை ஓரம் கட்டியது. எங்கள் வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் மோதியபோது பேசியது பீரங்கிதான்.

ஆனாலும் குறுக்கு வில் சாகவில்லை. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று ஓர் இடம் வருகிறதே, அந்த நிக்கோபார் தீவுக்காரர்கள் இதை வைத்துப் பறவை அடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நாகாலாந்திலும் உண்டு. மலபாரில் இதையே மீன் பிடிக்க வைத்திருந்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்கு வில் மூன்றையும் பற்றி 1924-ல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மீன் ஆபீசர் வில் பற்றி எழுதினால் சம்பந்தம் இருக்கும்தானே!

இப்போதைய மாடல்களுக்கு உயிர் கொடுத்தவர் அமெரிக்காவின் ஹாலிஸ் வில்பர் ஆலன். வில்லின் இரண்டு நுனியிலும் உருளை மாட்டி, 'காம்பவுண்ட் வில்'லுக்கு 1969-ல் பேட்டன்ட் வாங்கினார். கடைசிவரை இழுத்த பிறகு கையில் பாரம் குறைந்துவிடும். கை இல்லாத ஷீதல் தேவி காலாலும் தோளாலும் எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கியது இந்த வகை வில்லில்தான். அதே உருளையைக் குறுக்கு வில்லில் மாட்டி, கார்பன் ஃபைபர் சேர்த்து, இழுக்க ஒரு கைப்பிடியும் வைத்துவிட்டார்கள். சில மாடல்களில் வில்லைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். அகலம் குறையும், மரக்கிளையில் இடிக்காது. பாக்கி மானுக்கு ஓடத் தெரிந்தால் சரி.

இத்தனையும் கேட்ட தம்பி, "அப்ப நம்மளும் பண்ணலாம்ல ஐயா?" என்றானே பார்க்கலாம்!

ஐயா டீ கிளாஸை வைத்தார். "1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துல ஆயுதம்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. துப்பாக்கி மட்டும் இல்ல தம்பி... வில்லு, அம்பு, வலை, கண்ணி எல்லாம் அதுல வரும். நீ சொன்ன கொக்கும் மடையானும் பாதுகாக்கப்பட்ட பறவைங்க. மாட்டுனா மூணு வருஷம் வரைக்கும் உள்ள, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்."

தம்பி முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் 'சரி' என்றும் சொல்லவில்லை. சட்டம் கேட்டுத் திருந்துகிற வயசா அது?

மதியம் பைக்கை எடுத்தேன். சிதம்பரம் வந்து கிள்ளை ரோட்டைப் பிடித்தோம். பிச்சாவரம் என்றால் படகு, சுரபுன்னைக் காடு, சினிமா டூயட் என்றுதான் பலருக்குத் தெரியும். நான் அவனைப் படகுத் துறைக்குக் கூட்டிப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி வாய்க்கால் ஓரம் போய் நின்றோம்.

நெஞ்சளவு தண்ணீரில் நாலைந்து இருளர் பெண்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. குனிந்து சேற்றில் கையை விட்டுத் தடவுகிறார்கள். நிமிரும்போது விரலிடுக்கில் இறால்! அது கூடைக்குள் போகிறது. மறுபடி குனிகிறார்கள். கலங்கல் தண்ணீர், ஒரு ஜாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தோம், அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. "எப்படிக்கா கண்ணுக்கே தெரியாததைப் புடிக்கிறீங்க?"

கரைக்கு வந்த அக்கா சிரித்தார். "கால்ல வந்து தட்டும் தம்பி. கை தானா போவும். சின்ன வயசுல இருந்து அம்மாகூட எறங்குனது."

பேண்ட்டை மடித்துவிட்டு இவனும் இறங்கினான். பத்து நிமிஷம் துழாவினான். கிடைத்தது கை நிறைய சேறும், சிப்பி கிழித்த ஒரு காயமும்! அந்த அக்காக்கள் சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டிருக்கும். போகிற வழியில் கிள்ளையில் நிறுத்தி பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். மணல் திட்டில் வெள்ளையாய்ப் பத்துப் பதினைந்து கொக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலாம்ணா" என்றான். அவ்வளவுதான்.

ஸ்பிரிங் பட்டை இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறதாம். நேற்று ராத்திரி போன் பண்ணினான்.

"அண்ணா, இந்தக் காம்பவுண்ட் வில்லு பழகணும்னா எங்க சேரணும்? எவ்ளோ ஆகும்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சித்தியின் குரல்:

"மொதல்ல அந்த ரெண்டு அரியரை முடிக்கச் சொல்லுடா அவனை!"