பன்னிரண்டு படம்

ஆரணின்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டும் பொன்னி அரிசியும்தான் ஞாபகம் வரும். நமக்கு நெல்லு. ஆனா டவுனுக்குப் போற வழியில இருக்கிற நெசவாளர் தெருதான் எனக்குப் போட்டோ பைத்தியம் பிடிக்க வச்சது.

முதல் கேமரா, பழசா வாங்கின அக்ஃபா கிளிக் 3. 120 ஃபிலிம் ஒரு ரோல் போட்டா 12 படம். மாசம் ஒரு ரோலுக்கு மேல கட்டுப்படியாகாது. அதனால எடுக்கிறதைவிட காத்து நிக்கிறதுதான் அதிகம்.

தறி இருக்கிற வீட்டுக்குள்ள அந்தக் கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது. ஃபிளாஷ் அடிச்சா நெய்யிறவர் கவனம் சிதறும். இழை அறுந்தா முடிச்சுப் போடற பாடு அவருக்குத்தான். அதனால விடிகாலையில போவேன். வெயில் ஏறுறதுக்குள்ள தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டுவாங்க. சாய்ஞ்ச வெளிச்சம் இழைமேல ஓடும்போது ஒரே ஒரு கிளிக்.

பட்டு ஊர்ல இருந்துகிட்டு ஏன் கறுப்பு வெள்ளைன்னு கேப்பாங்க. கானுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) கடைசிவரைக்கும் கறுப்பு வெள்ளையை விடலை. பல கேமராக்களோட பாகங்களைச் சேர்த்துத் தனக்குன்னு ஒண்ணு கட்டி, அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரும் வச்சிருந்தாரு. அதைப் படிச்சப்புறம் புது மாடல் ஆசை எனக்கு விட்டுப்போச்சு.

ஒரு பழக்கம் மட்டும் மாத்தல. யாரைப் படம் எடுத்தேனோ, அவங்க கையில ஒரு பிரிண்ட் கொடுத்துடுவேன். இந்தச் செலவுக்காக வீட்டுல வாங்கின திட்டு கொஞ்சமில்ல.

ஒரு மழையில ஓடு ஒழுகி, பரண்மேல நெகட்டிவ் வச்சிருந்த டிரங்குப் பெட்டிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. அறுவடை நேரம், ரெண்டு மாசம் கவனிக்கல. திறந்தா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பூசணம். இருபது வருஷத்துப் படம். அன்னிக்குச் சோறு இறங்கல.

கொஞ்ச நாள் கழிச்சு நெசவாளர் தெருவுல ஒரு அண்ணன் வீட்டுக்குள்ள கூப்பிட்டாரு. தறியை வித்தாச்சு, குழியை மூடி சிமெண்ட் பூசியாச்சு. அதுக்கு நேர் மேல சுவத்துல, அவங்கப்பா குனிஞ்சு பாவுல இழை பிரிக்கிற படம். நான் கொடுத்தது. “பேரப்பசங்களுக்குத் தாத்தா என்ன செஞ்சாருன்னு காட்ட இது ஒண்ணுதான் இருக்கு தம்பி”ன்னாரு.

போனை எடுத்து அந்தப் படத்தையே படம் பிடிச்சுகிட்டேன். இப்ப வேலை இல்லாத நாள்ல வீடு வீடா போயி இதைத்தான் செய்யறேன். இதுவரைக்கும் 31 கிடைச்சிருக்கு. பெட்டியில பூட்டி வச்சதுல ஒண்ணுகூட மிஞ்சல.

உங்க போன்ல ஆயிரக்கணக்குல படம் இருக்கும். மாசம் ஒண்ணையாவது பிரிண்ட் போட்டு, அதுல இருக்கிறவங்க கையில கொடுங்க.