பழைய புல்லட்டுக்கு ஒரு ஆயில் பிரஷர் கேஜ்

பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேலே ஒரு சின்ன மீட்டர் இருக்கும். அது அம்மீட்டர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும். பேட்டரி போனால் புது பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். ஆயில் ஓட்டம் நின்றால் இன்ஜினே போய்விடும். ஆனால் ஆயிலுக்கு அந்த வண்டியில் முள்ளும் கிடையாது, விளக்கும் கிடையாது.

என்னுடையது காஸ்ட் அயர்ன் இன்ஜின் உள்ள 350 சிசி வண்டி. அதில் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டப் போகிறேன் என்றதும் தோழர்கள் சிரித்தார்கள். "இந்தக் கிழட்டு வண்டிக்கு இதெல்லாம் தேவையா?" என்றார்கள்.

நாம் எங்கே போகிறோம் என்று பார்த்தால் தேவைதான். உண்மை அறியும் குழுவாகப் போகும்போது சேரிக்குப் போகும் பாதை பெரும்பாலும் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போகிறது. சாட்சிகளிடம் பேசி முடித்துத் திரும்பும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் இன்ஜின் இறுகி நின்றால் யார் வாசலில் போய் உதவி கேட்பது? "எந்த ஊரு, யார் வீட்டு ஆளு?" என்ற கேள்விக்குப் பிறகுதான் அங்கே தண்ணீரே கிடைக்கும். சைக்கிளில் ஏறி அந்தத் தெருவில் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று நம் தாத்தாக்களுக்கு விதி போட்ட ஊர்கள் உண்டு. புல்லட் ஓட்டியதற்காகத் தலித் இளைஞர் தாக்கப்பட்டார் என்ற புகார் 2025இல்கூட சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்தது. வண்டி பழுதாவது மற்றவர்களுக்குச் செலவு. நமக்குச் சில இடங்களில் அது ஆபத்து. அதனால் வண்டி நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும்.

கேஜ் வாங்குவது சுலபம். சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும். எங்கே மாட்டுவது என்பதுதான் விஷயம். இந்த மாதிரிப் பழைய புல்லட்டில் ஆயிலுக்கு இரண்டு பம்புகள். ஃபீட் பம்ப் ஆயிலை ஃபில்டர் வழியாகக் கிராங்கின் பிக் எண்டுக்கு அனுப்பும். ரிட்டர்ன் பம்ப் கீழே வடிந்த ஆயிலை எடுத்து, வெளியே தெரியும் குழாய் வழியாக மேலே ராக்கருக்கு ஏற்றும். அங்கிருந்து அது ஆயில் அறைக்குத் திரும்பும்.

வெளியே தெரிகிற அந்த ராக்கர் குழாயில் கேஜை மாட்டுவது ரொம்பச் சுலபம். பேஞ்சோ போல்ட்டைக் கழற்றி ஒரு இணைப்பு கொடுத்தால் அரைமணி நேர வேலை. முள்ளும் கொஞ்சம் அசையும். ஆனால் அது காட்டுவது திரும்பி வரும் ஆயிலை. முதலில் தேய்ந்து சாகப்போவது பிக் எண்ட். அங்கே ஆயில் போகிறதா என்பதை அந்த முள் சொல்லாது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. டைமிங் கவரைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஃபில்டரைத் தாண்டி ஃபீட் பாதை போகிற, உலோகம் தடித்த இடமாகப் பார்த்துத் துளை போட்டு, 1/8 அங்குல பி.எஸ்.பி. டேப்பில் மரை போட வைத்தார். பிறகு மண்ணெண்ணெயில் மூன்று முறை கழுவினார். ஒரு அலுமினியத் துகள் உள்ளே தங்கினாலும், காப்பாற்ற மாட்டிய கேஜே இன்ஜினைக் கொன்றுவிடும் என்றார். கேஜுக்குப் போகும் வழியில் மிகச் சிறிய துளையுள்ள அடைப்பு ஒன்று வைத்தார். ஓஸ் வெடித்தாலும் ஆயில் மொத்தமும் கொட்டாது. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் செம்புக் குழாய் விரிசல் விடும் என்பதால் வளையும் ஓஸ் போட்டார். முள் நடுங்காமல் இருக்க, கிளிசரின் நிரப்பிய கேஜ். 60 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாகப் பார்த்து வாங்கினோம். இந்த இன்ஜினில் பிரஷரே குறைவு. காருக்குரிய பெரிய அளவுக் கேஜைப் போட்டால் முள் ஒரு மூலையிலேயே படுத்துக் கிடக்கும்.

மாட்டியதும் வேலை முடியவில்லை; படிக்கத் தெரிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் ஜம்மென்று ஏறும். ஆயில் கெட்டியாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகு காட்டுவதுதான் உண்மை நிலவரம். வழக்கத்தைவிட முள் அதிகமாக ஏறினாலும் சந்தேகப்பட வேண்டும். கேஜுக்கு அப்பால் பாதை அடைத்திருந்தாலும் பிரஷர் ஏறும். பிக் எண்டுக்கு மட்டும் ஆயில் போகாது. அதனால் குளிர்ந்த நிலையில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, ஓட்டத்தில் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வழக்கத்திலிருந்து மாறும்போது வண்டியை நிறுத்திப் பார்க்க அதுதான் ஆதாரம்.

மாணவத் தோழர்களுக்கு இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வேலையிலும் முள்ளைத் தவறான இடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வன்கொடுமைகள் பற்றிக் கேட்டால், இத்தனை பேருக்கு நிவாரணம் கொடுத்தோம் என்று அதிகாரிகள் பட்டியல் நீட்டுவார்கள். அது ரிட்டர்ன் குழாய். ஃபீட் பாதை காவல் நிலைய வாசலில் இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைத்ததா, வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினார்களா? எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு 2018லேயே சொல்லிவிட்டது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்தாரா? 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போனதா? பாதிக்கப்பட்டவர் மீதே எதிர்ப் புகார் வாங்கி வைத்திருக்கிறார்களா? அளக்க வேண்டியது இங்கேதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிக்கையையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அதில் வருவது பதிவான வழக்குகள் மட்டுமே. ஒரு மாவட்டத்தில் வழக்கே இல்லை என்றால் அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, பாதை அடைத்திருக்கலாம். எண்ணிக்கை கூடியிருந்தால், மக்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம். ஊருக்குள் போய்ப் பார்த்தவர்கள்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.

சட்டமே ஒரு கேஜைக் கொடுத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும். முள் இருக்கிறது, நாம் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. கொலை நடந்த பிறகு திரளும் கூட்டமும் முழக்கமும் தேவை, ஆனால் அது இன்ஜின் இறுகிய பிறகு நடக்கிற வேலை. மிரட்டல் புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். மறுக்கப்பட்ட அன்றே முள் இறங்கத் தொடங்கிவிட்டது.

எனவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்டக் குழு கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, கூட்டக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு ரீடிங்தான். தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஜெய் பீம்.