காலைத் தொட்டுப் பாருங்கள்

ஐ.சி.யூ.வுக்குள் வரும் உறவினர்கள் முதலில் அண்ணாந்து மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். அதில் தவறில்லை. புதிதாகச் சேர்ந்த டாக்டர்களும் அதையே செய்யும்போதுதான் எனக்குச் சங்கடம். "பிரஷர் 104 இருக்கு சார், பயமில்லை" என்பார்கள். "போர்வையை விலக்கிக் காலைத் தொட்டீங்களா?" என்று கேட்பேன்.

மாரடைப்பில் இதயத் தசை பெருமளவு பழுதாகி, உடம்புக்குப் போதிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் போவதுதான் கார்டியோஜெனிக் ஷாக். மேல் அழுத்தம் அரைமணி நேரமாவது 90-க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 90-ல் நிறுத்தவே மருந்து தேவைப்பட வேண்டும்; கூடவே உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அடையாளம் தெரிய வேண்டும் என்பது பாடம். பாதிப்பேர் முன்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

உடம்பு சாமர்த்தியமானது. வருமானம் நின்றுபோன வீட்டில் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் தேதி தவறாமல் போகும். அடுக்களையில்தான் பால் அரை லிட்டர் குறைந்திருக்கும். உடம்பும் அப்படியே தோல், குடல், சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, பிரஷரைக் காப்பாற்றிக் காட்டும். 2000-ல் வந்த ஒரு பதிவேட்டு ஆய்வை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிரஷரும் குறைந்து, உறுப்புகளுக்கு ரத்தமும் போதாதவர்களில் 66 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். பிரஷர் விழாமல் ரத்தம் மட்டும் போதாதவர்களில் 43. பிரஷர் குறைந்தும் ரத்த ஓட்டம் சரியாக இருந்தவர்களில் 26. நடுவில் இருக்கும் அந்த 43-ஐ மானிட்டர் காட்டாது.

எங்கே தெரியும்? முட்டிக்குக் கீழே சில்லிட்டு, வியர்த்துப் பிசுபிசுக்கும் காலில். முழங்காலைச் சுற்றி வலைபோலப் படரும் ஊதா நிறத்தில். அழுத்திய நகம் மறுபடி சிவக்க எடுக்கும் நேரத்தில். மூத்திரப் பையில் மணிக்கு 30 மில்லி கூட இறங்காததில். "ராத்திரி நல்லாப் பேசினார், இப்போ சம்பந்தமில்லாம பேசுறார் சார்" என்று நர்ஸ் சொன்னால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. 104/86 என்ற அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டுக்கும் இடைவெளி வெறும் 18. மேல் அளவில் கால்பங்குகூட இல்லை என்றால், இதயம் மிகக் குறைவாகவே தள்ளுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு லாக்டேட் பாருங்கள், 2-ஐத் தாண்டியிருக்கும். எக்கோவை அப்போதே கட்டிலருகே வைத்துப் பார்த்துவிட வேண்டும். கிருமித் தொற்று ஷாக்கில் கை கால் பெரும்பாலும் ஆரம்பத்தில் சூடாக இருக்கும். அதற்கு ஏற்றுவதுபோல் இங்கே பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

2019-ல் அமெரிக்க இதய நிபுணர்கள் இந்த ஷாக்கை ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். பி-யில் இருப்பவர் சி-க்குப் போய்விட்டார் என்று தீர்மானிப்பது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமையே. அந்த பி-யில்தான் நம் கை அவசரப்படும். நாடி 115 ஓடுகிறதே என்று அதை அடக்க ஊசி போடத் தோன்றும். தள்ளும் அளவு குறைந்த இதயம் வேகத்தால்தான் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. சீனாவில் 45,000-க்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், மெட்டோப்ரோலால் ஊசியைத் தொடக்கத்திலேயே போட்டவர்களில் ஆயிரத்துக்கு 11 பேர் கூடுதலாக இந்த ஷாக்கில் விழுந்தார்கள். ஊசியை எடுக்கும் முன் போர்வையை விலக்க அரை நிமிஷம்கூட ஆகாது.