ஸ்லோ சர்வரும் சாம்பார் வாளியும்

தமிழ்நாட்டில் ‘சர்வர்’ என்றால் இரண்டே பேர்தான். ஒருவர், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ‘ரெண்டு இட்லி, ஒரு வடை’ என்று ராகம் பாடுகிறவர். அவருக்கு 1964-லேயே நாகேஷை வைத்து ‘சர்வர் சுந்தரம்’ எடுத்து மரியாதை செய்துவிட்டோம். இன்னொருவர், ஏ.ஸி. ரூமில் உட்கார்ந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருப்பவர். அவருக்கு இன்றுவரை யாரும் விழா எடுக்கவில்லை. திட்டு மட்டும் தாராளமாக உண்டு. பாங்க், தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை... எங்கே போனாலும் ‘சர்வர் ஸ்லோ சார், நாளைக்கு வாங்க!’

2018 பிப்ரவரி 1-ம் தேதியை எங்கள் ஓசூர்க்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் ‘இ-வே பில்’ கட்டாயம் என்று நாடு முழுக்க ஆரம்பித்த நாள். ஓசூரில் மாநில எல்லை என்பது கூப்பிடு தூரம். சிப்காட் கேட்டைத் தாண்டி டிரைவர் டாப் கியர் போடுவதற்குள் ஜூஜூவாடி வந்துவிடும். அடுத்தது அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகா. பக்கத்து ஊருக்கு நட்டு போல்ட்டு அனுப்பினால்கூட எங்களுக்கு அது வெளி மாநில வியாபாரம்! அன்று காலை ஊரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. வெப்சைட் படுத்துக்கொண்டது. சாயந்திரத்துக்குள் அரசே ‘சோதனைக் காலத்தை நீட்டிக்கிறோம்’ என்று பின்வாங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவர்கள் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். தினம் 75 லட்சம் பில் தாங்குகிற அளவுக்கு மெஷின் பலத்தைக் கூட்டினார்கள். அதோடு நிறுத்தவில்லை. கூட்டத்தையும் பிரித்தார்கள். ஏப்ரல் 1 முதல் வெளி மாநிலச் சரக்கு. உள் மாநிலச் சரக்குக்கு ஒவ்வொரு மாநிலமாகத் தேதி. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2. எல்லோரும் ஒரே நாளில் முண்டியடிக்காததால் பந்தி ஒழுங்காக நடந்தது.

அரசாங்க சர்வர் தேறிவிட்டது. எங்கள் கம்பெனி சர்வர்தான் தேறவில்லை!

நான் அப்போது சிப்காட்டில் ஒரு சின்ன உதிரி பாகக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (பெயர் வேண்டாம். முதலாளி இந்தப் பத்திரிகையெல்லாம் படிப்பார்.) எங்கள் இன்வாய்ஸ் சாஃப்ட்வேர், மாச வாடகைக்கு எடுத்த ஒரு டெடிகேட்டட் சர்வரில் ஓடியது. அதாவது, யாரோடும் பங்கு போடாமல் எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு மெஷின். மத்தியானம் ஒரு மணிக்கு அது மான். சாயந்திரம் நாலிலிருந்து ஆறு வரை ஆமை. ஒரு இன்வாய்ஸ் வர 40 வினாடி. சில சமயம் வரவே வராது. இன்வாய்ஸ் நம்பர் இல்லாமல் இ-வே பில் இல்லை. இ-வே பில் இல்லாமல் லாரி இல்லை. டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ‘ஆய்த்தா சார்? ஆய்த்தா?’ என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பார்.

பெரிய வண்டிக் கம்பெனிகள் பாகங்களைக் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு லாரி உள்ளே போக வேண்டும். தாமதமானால் அங்கே லைன் நிற்கும், இங்கே டெபிட் நோட் வரும். ‘சர்வர் ஸ்லோ’ என்று பதில் கடிதம் போட முடியாது.

பழி யார் மேல் விழும்? டெஸ்பாட்ச்சில் உட்கார்ந்திருந்தவர் மேல். அவருக்கு 54 வயது. 22 வருஷ சர்வீஸ். “உங்க கை ஸ்பீடு பத்தலைங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச சின்னப் பையனா ஒருத்தனைப் போட்டுக்கறேன்” என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். டீக்கடையில் அவர் என்னிடம், “தம்பி, பொண்ணுக்கு காலேஜ் கடைசி வருஷம். இன்னும் ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டீயை மட்டும் பாதியில் வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் இரண்டு மடங்கு வாடகையில் புது சர்வருக்குக் கொட்டேஷன் வந்தது. முதலாளி பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் எங்கள் சிஸ்டம் பையன் குறுக்கே வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன். தினம் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவன். “சார், ஒரு வாரம் டைம் குடுங்க. எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம்.”

‘எங்க நிக்குது?’ சர்வர் வைத்தியம் முழுக்க இந்தக் கேள்விதான் என்று ஒரு வாரத்தில் எனக்கு, ஒரு பி.காம்.காரனுக்கே, புரிந்துவிட்டது.

முதல் நாள், ‘டாப்’ என்ற கட்டளையை அடித்து ஒரு கறுப்புத் திரையைக் காட்டினான். சர்வரின் மூளை கிட்டத்தட்ட சும்மா இருந்தது. ஆனால் ‘டபிள்யூ.ஏ.’ என்ற எண் எகிறியிருந்தது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அது. “சமையல்காரர் சும்மா நிக்கறாருண்ணா. மளிகைச் சாமான் வரலை. இன்னொரு சமையல்காரரை வெச்சு என்ன பிரயோஜனம்?” என்றான்.

ஏன் வரவில்லை? சர்வரில் மெமரி 4 ஜி.பி. அப்பாச்சி என்ற வாசல்காரர் ஒரே சமயத்தில் 256 பேரை உள்ளே விடலாம் என்று அமைப்பு. ஆளுக்கு 40 எம்.பி. என்றால் 10 ஜி.பி. வேண்டும். அறுபது நாற்காலி போட்ட ஓட்டலில் 256 பேர்! இடமில்லாதவர்களை டிஸ்க்குக்கு, அதாவது தெருவுக்கு, அனுப்பி, முறை வரும்போது உள்ளே கூப்பிட்டு, மறுபடி அனுப்பி... சாப்பாட்டை விட நடமாட்டம்தான் அதிகம். ‘ஸ்வாப்’ என்பது இதுதான். 256-ஐ 60 ஆக்கினான். பத்துப் பேர் வாசலில் கொஞ்சம் நிற்கட்டும், உள்ளே இருப்பவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தால் எல்லோருக்கும் லாபம்.

இரண்டாம் நாள், ‘ஸ்லோ கொயரி லாக்’. டேட்டாபேஸிடம் கேட்ட கேள்விகளில் எது இழுக்கிறது என்று அதுவே எழுதிவைக்கும் டைரி. சாதாரணமாக 10 வினாடிக்கு மேல் ஆனால்தான் எழுதும். அதை 1 வினாடி ஆக்கினான். மறுநாள் காலையில் டைரியைத் திறந்தால், ஒரே கேள்வி முந்நூறு தடவை! வாடிக்கையாளரின் பழைய இன்வாய்ஸைத் தேடுவதற்கு 6 லட்சம் வரியையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து ‘இண்டெக்ஸ்’. காமர்ஸ் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். லெட்ஜரில் முன்பக்க அட்டவணை எதற்கு? ஜர்னலில் ‘எல்.எஃப்.’ என்று ஒரு கட்டம் எதற்கு? பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல் நேராகப் பக்கத்துக்குப் போகத்தான். வரிசையாக அடுக்கி வைத்தால், பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய் 6 லட்சத்தில் எந்த வரியையும் 20 தடவைக்குள் பிடித்துவிடலாம். கம்ப்யூட்டர் இண்டெக்ஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமாக நாலைந்து தாவலிலேயே பிடித்துவிடும்.

மூன்றாம் நாள் அகப்பட்டது இன்னொரு வேடிக்கை. 20 அயிட்டம் உள்ள இன்வாய்ஸுக்கு சாஃப்ட்வேர் 20 தடவை டேட்டாபேஸுக்குப் போய் வந்தது. ஒரு டேபிளுக்கு 20 இட்லி ஆர்டர் என்றால் ஒவ்வொரு இட்லியாகக் கொண்டு வருகிற சர்வரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? தட்டு ஒன்று, நடை ஒன்று என்று மாற்றினார்கள். வரி விகிதம், வாடிக்கையாளர் முகவரி போல அடிக்கடி தேவைப்படுவதை மெமரியிலேயே வைத்தார்கள். இதற்குப் பெயர் ‘கேஷ்’. சமையல்கட்டுக்கு ஓடாமல் கையிலேயே வைத்திருக்கும் சாம்பார் வாளி. ஒரே ஆபத்து, வாளியில் இருப்பது நேற்றைய சாம்பாராக இருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22-ல், அதுவரை 28 சதவீதமாக இருந்த உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி.யும் 18 ஆகிவிட்டது. அன்று வாளியைக் கழுவாத சர்வர், பழைய வரியையே பரிமாறும்!

நாலாம் நாள்தான் கிளைமாக்ஸ். தினம் சரியாக ஐந்து மணிக்கு யாரோ ஒருவர் மொத்த ஸ்டாக் ரிப்போர்ட்டை, ஆறு மாதத்துக்கும் சேர்த்து, இழுத்துக்கொண்டிருந்தார். யார் அந்தப் புண்ணியவான் என்று லாகின் பெயரைப் பார்த்தான் பையன். எச்சில் விழுங்கினான். முதலாளி! ரிப்போர்ட்டை இழுத்துவிட்டு, ‘ஏன்யா ஸ்லோ?’ என்று டெஸ்பாட்ச்சுக்கு வந்து கத்துவதும் அவரேதான்.

ஒரு ரிப்போர்ட் இவ்வளவு செய்யுமா? செய்யும். டென்மார்க்கில் எர்லாங் என்பவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நெரிசலுக்கு 1909-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வழியில் பிறந்த க்யூ கணக்கு இப்படிப் போகிறது. ஒரு கவுன்ட்டர் பாதி நேரம் பிஸி என்றால், ஒரு நிமிஷ வேலைக்குச் சராசரியாக 2 நிமிஷம். 90 சதவீதம் பிஸி என்றால் 10 நிமிஷம். 95 என்றால் 20! கடைசி ஐந்து சதவீதம்தான் ஆளைக் கொல்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமாவதற்கு முன்னால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பண்டிகைக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இது அனுபவப் பாடம்.

இதை முதலாளியிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டியது பையன்தான். “சார், அந்த ரிப்போர்ட் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடி, காலைல உங்க மெயில்ல இருக்கும்.” முதலாளி இரண்டு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “எட்டு மணிக்குள்ள வந்துடணும்” என்றார். அவ்வளவுதான்.

40 வினாடி, மூன்று வினாடி ஆனது. கொட்டேஷன் டிராயருக்குள் போனது.

மெஷினே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிமிஷத்துக்கு 7,200 டிக்கெட் போடுகிற புது சிஸ்டத்தை 2014-ல் ரயில்வே கொண்டு வந்தது. அதுவரை இருந்தது 2,000. நாட்டு ஜனத்தொகைக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதே ரயில்வே 2015 ஜூன் 15 முதல் தத்கலை ஏ.ஸி.க்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று என்று பிரித்ததே, அதற்கு ஒரு ஒயர்கூட வாங்கத் தேவையில்லை! நாங்களும் அடுத்த வருஷம் சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் பழைய டிஸ்க் வினாடிக்குச் சுமார் நூறு தடவை படிக்கும், எஸ்.எஸ்.டி. பல ஆயிரம் தடவை. எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு செலவழித்த காசு, அதனால் வலிக்கவில்லை.

டெஸ்பாட்ச் அண்ணன் 58 வயதுவரை அதே நாற்காலியில் இருந்து 2022-ல் மாலை மரியாதையோடு ரிடையர் ஆனார். அவர் கை ஸ்பீடு கடைசிவரை அதேதான். யாரும் கவனிக்கக்கூட இல்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஆபீஸில் ‘ஸ்லோ’ என்று யாராவது கத்தினால், புது மெஷினுக்கோ புது ஆளுக்கோ ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சமையல்கட்டை எட்டிப் பாருங்கள். ஐந்து மணிக்கு அங்கே இருநூறு பேருக்கு பார்சல் கட்டச் சொன்னது நீங்களாகவே இருக்கலாம்!