உத்தரவாதமும் ஒரு கூத்திரவும்

உத்தரவாதம் என்பது நம் வழக்கிற் பழகித் தேய்ந்த சொற்களுள் ஒன்று. உத்தரம் என்பது மறுமொழி. வாதம் என்பது சொல். கேட்பார்க்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருத்தலே அதன் அடிப்பொருள் எனலாம். பிணை நின்றவனை உத்தரவாதி என வழங்குவதும் இக்கருத்துப் பற்றியே. ஆயின், புதிதாக வாங்கிய பொருளொன்றின் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் உத்தரவாதப் பத்திரம் மறுமொழி கூறும் கடப்பாட்டை ஏற்கின்றதா, அன்றி அக்கடப்பாட்டின் எல்லைகளை மட்டும் வரைகின்றதா? இவ்வினா எனக்கு நூல்வழி வந்ததன்று. ஒரு கமராவின் வழி வந்தது.

2015ஆம் ஆண்டு சித்திரை மாத நடுப்பகுதியிற் கொழும்பிலுள்ள அங்கீகாரம் பெற்ற முகவர் ஒருவரிடம் அக்கமராவை வாங்கினேன். மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வடமோடியும் தென்மோடியுமாக ஆடப்பெறும் கூத்துகளைப் படமாக்கித் தொகுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஈராண்டுச் சேமிப்பு அதற்கெனச் செலவாயிற்று. பற்றுச்சீட்டும் ஓராண்டு உத்தரவாதப் பத்திரமும் கைக்கு வந்தன.

புதிய வில்லையொன்றை வாங்கியவர் முதற்கண் அதனைச் சோதித்தல் நன்று. அதற்கு நம் வாவியிலும் சிறந்த ஆய்வுகூடம் வேறில்லை. கல்லடியிற் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒரே அளவினவாய் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழ் நீர்ப்பரப்புக் கிடைகோடாய் நீள்கின்றது. தொலைவில் நின்று பாலத்தைப் படமெடுத்தபோது வலப்பக்கச் சட்டங்கள் ஊசி முனைபோற் கூர்மையாகவும், இடப்பக்கச் சட்டங்கள் பனியினூடு காண்பனபோல் மங்கலாகவும் தெரிந்தன. கமராவைத் தலைகீழாகப் பிடித்து மீண்டும் எடுத்தேன். இப்போது பாலத்தின் மற்றைய முனை மங்கியது. மங்கல் பாலத்தோடு நில்லாமற் கமராவோடு திரும்பியமையால், குற்றம் காற்றிலோ ஒளியிலோ இல்லை, வில்லையிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று.

இதன் காரணம் அறிதற்கு அரியதன்று. கமரா வில்லை என்பது ஒற்றைக் கண்ணாடியன்று. பல கண்ணாடிகள் ஓர் அச்சில் அமைந்த கோவை. அவற்றுள் ஒன்று மயிரிழையளவு சாய்ந்திருப்பினும் படத்தின் ஒரு பக்கம் குவியாது போகும். ஒளித்துவாரத்தைச் சுருக்கி எடுத்தால் இக்குறை பெரிதும் மறையும். அகலத் திறந்து எடுத்தால் வெளிப்படும். பகலில் எடுப்போர் துவாரத்தைச் சுருக்கலாம். நள்ளிரவிற் களரியின் மங்கிய ஒளியிற் சுழன்றாடுவோரை எடுப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நான் எந்த வேலைக்காகக் கமராவை வாங்கினேனோ, அந்த வேலைக்கே அது உதவாததாயிற்று.

ஒன்பதாம் நாளே தொலைபேசியில் முகவரின் திருத்தகத்தாரை அழைத்தேன். எதிர்முனையிலிருந்து வந்த குரல் பணிவானதுதான். "சேர், கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் கமராக்களில் ஈரப்பதன்தான் பிரச்சினை. உப்புக்காற்றுப் பட்டிருந்தால் அது உத்தரவாதத்துள் அடங்காது" என்றது. உப்புக்காற்றும் ஈரமும் வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்கும், உலோகத்தை அரிக்கும் என்பது உண்மையே. எனினும் அவை கண்ணாடியை ஒன்பது நாளிற் சாய்ப்பதில்லை. நான் வாழும் இடமே என் மீதான குற்றச்சாட்டாக மாறியதை அன்று உணர்ந்தேன்.

கொழும்பு எமக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவு. அனுப்பிய கமரா ஐந்து வாரத்தின் பின் திரும்பி வந்தது. உடன் வந்த துண்டில், "பரிசோதிக்கப்பட்டது; உற்பத்தியாளரின் தர எல்லைக்குள் உள்ளது" என்றிருந்தது. அத்தர எல்லை யாது, எந்தத் துவாரத்தில் வைத்துச் சோதித்தனர் என்பன எழுதப்படவில்லை. அப்போது படுவான்கரைக் கிராமமொன்றிற் கூத்து அரங்கேற்றத்துக்கு எட்டு நாட்களே இருந்தன. வேறு கமரா இல்லை. குறுமண்வெளித் துறையிற் பாதையேறி, தர எல்லைக்குள் இருப்பதாகச் சான்றிதழ் பெற்ற அக்கருவியோடு அவ்வூர் சென்றேன்.

அண்ணாவியார் எழுபதைக் கடந்தவர். மாதக்கணக்காக இளைஞரைப் பழக்கி, சதங்கை கட்டி, களரிக்குக் கொண்டுவந்திருந்தார். முழங்கால் நோயினால் இதுவே தமது கடைசிக் களரி என ஊராரிடம் முன்னரே சொல்லியிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் எனக்கென ஒதுக்கித் தந்த இடத்திலிருந்து பார்க்கையில், ஆடுவோர் வலப்புறமும், அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் இடப்புறமும் அமைந்தனர். விடியும்வரை எடுத்தேன். வலப்புறத்துக் கரப்புடுப்பின் மணியும் கண்ணாடியும் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. இடப்புறத்து முதியவர் ஒரு நிழலாக நின்றார்.

இரு கிழமைகளின் பின் படங்களை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், "மத்தளச் சத்தம் மட்டும்தான் கேக்கும் போல, மனே, ஆளக் காணல்ல" என்று சிரித்தார். அச்சிரிப்பில் வருத்தம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். வருத்தம் என்னுடையது.

அதன்பின்னரே சட்டத்தை நாடினேன். நம் நாட்டிற் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கமாக ஆக்கப்பட்டது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. குறித்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அப்பொருளை வாங்கும்போது, அது விற்பனைக்கேற்ற தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, எழுதப்படாவிடினும், உள்ளடங்கியதென அச்சட்டம் கொள்கின்றது. பெட்டிக்குள் இருக்கும் பத்திரத்துக்கு முன்னரே சட்டம் ஓர் உத்தரவாதத்தை நமக்குத் தந்துவிட்டது என்பது இதன் பொருள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத விற்பனை பற்றி விசாரித்து, நட்டஈடு வழங்கவோ பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிட வல்லது. ஆயின் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துள் எழுத்தில் அமைதல் வேண்டும். இங்கேதான் ஒரு நுட்பம் உண்டு. கமரா திருத்தகத்திற் கிடந்த ஐந்து வாரமும் அம்மூன்று மாதக் கணக்கிலேயே கழிந்தது. பொறுமை காக்கும் பாவனையாளர் தம் உரிமையையே செலவழித்துக்கொண்டிருக்கின்றார்.

ஆடி மாதத் தொடக்கத்தில், தவணை முடியச் சில நாட்களே இருக்க, பற்றுச்சீட்டின் பிரதி, கல்லடிப் பாலத்தின் நேரான படமும் தலைகீழான படமும், அனுப்பியதும் பெற்றதுமான திகதிகள் ஆகியவற்றை இணைத்து முகவருக்கு எழுதினேன். பிரதியொன்று அதிகார சபைக்குச் சென்றது. பன்னிரண்டாம் நாள் புதிய வில்லை வந்து சேர்ந்தது. முன்பு தர எல்லைக்குள் இருந்த குறை பின்பு எவ்வாறு எல்லை கடந்தது என்பதற்கு விளக்கம் எதுவும் உடன் வரவில்லை.

இது தனியொருவர்க்கு நேர்ந்த புதுமையன்று. 2012 செப்டெம்பரில் நிக்கோன் நிறுவனம் வெளியிட்ட டி600 என்னும் கமராவின் படங்களிற் சிறு புள்ளிகள் தோன்றுவதாக உலகெங்கும் பாவனையாளர் முறையிட்டனர். 2013 பெப்ரவரியில் நிறுவனம் துப்புரவு பற்றிய அறிவுரையொன்றை விடுத்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் டி610 வெளியாயிற்று. 2014 பெப்ரவரியிலேயே, உத்தரவாதக் காலம் கடந்திருப்பினும் இலவசமாகச் சோதித்து, ஒளிமூடியையும் மாற்றித் தருவதாக அறிவித்தது. மறுமாதம் சீனத் தொலைக்காட்சி பாவனையாளர் உரிமை நாளில் இதனை ஒளிபரப்ப, ஷங்காய் அதிகாரிகள் அக்கமராவின் விற்பனையை நிறுத்துமாறு பணித்தனர். முதல் முறைப்பாட்டுக்கும் முழு மறுமொழிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கழிந்தது. பல நாட்டினர் ஒருங்கே குரலெழுப்பியும் இந்நிலையெனின், வாவிக்கரையிலிருந்து ஒற்றைக் கடிதம் எழுதுபவரின் நிலை சொல்லாமலே விளங்கும்.

நம் ஊர்களில் தோணி செய்யும் ஓடாவிக்கு உத்தரவாதப் பத்திரம் இல்லை. தோணி ஒழுகினால் உரியவன் அவர் வாசலில் நிற்பான். நாளை அதே துறையில் இருவரும் முகம் பார்க்க வேண்டியவர்கள். இதனைக் கொண்டு பழமை யாவும் நன்றென வாதிடுவது என் நோக்கமன்று. ஓடாவியால் கமரா செய்ய இயலாது. எனினும் அவ்வுறவில் மறுமொழி சொல்பவர் யார் என்பதில் ஐயமில்லை. இன்றைய வாணிகத்தில் விற்பவர் முகவரையும், முகவர் உற்பத்தியாளரையும், உற்பத்தியாளர் தர எல்லையையும் சுட்டுகின்றனர். சுட்டு விரல்களின் முடிவில் ஒரு முகமும் இல்லை. அம்முகத்துக்கு மாற்றாகவே சட்டம் நிற்கின்றது. அதனை அறிந்து எழுதுவோர்க்கே அது பயன் தருகின்றது.

ஆதலாற் கிராமங்களுக்குக் கருவிகளோடு செல்லும் மாணவர்க்கு நான் கூறுவன சில. வாங்கிய கிழமையிலேயே சோதியுங்கள். குறையைச் சொல்லாற் கூறாது படத்தாற் காட்டுங்கள். தொலைபேசியிற் பேசியதை அன்றே கடிதமாக எழுதி அனுப்புங்கள். மூன்று மாதக் கணக்கை நாட்காட்டியிற் குறியுங்கள்.

மாற்றித் தரப்பட்ட வில்லை நல்லது. பின்னர் பல களரிகளை அதனால் எடுத்தேன். அண்ணாவியார் சொன்னவாறே மீண்டும் களரியேறவில்லை. சட்டம் பொருளுக்குப் பொருள் தரும், பணத்துக்குப் பணம் தரும். ஓர் இரவுக்கு மாற்றாக இன்னோர் இரவைத் தர எச்சட்டத்தாலும் இயலாது. அதனாலேயே முதல் வினாவுக்கு முதல் நாளிலேயே நேர்மையான மறுமொழி கிடைத்தல் வேண்டும் என்கின்றேன். தாமதித்து வரும் மறுமொழி, வில்லையைத் திருத்தலாம். அவ்விரவின் இடப்பக்கத்தைத் திருத்தாது.