கை நகர்ந்த பாதையும் நிரல் கண்ட பாதையும்

கை மவுசை நகர்த்துகிறது. திரையில் அம்புக்குறி நகர்கிறது. இரண்டுக்கும் இடையே எதுவும் தவறிப்போவதில்லை என்றே நிரல் எழுதத் தொடங்கும் மாணவர் நம்புகிறார். படம் வரையும் செயலியை எழுதும்போது அந்த நம்பிக்கை உடைகிறது. மெதுவாக வரைந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கிறது; வேகமாக வரைந்தால் பலகோணமாகிவிடுகிறது.

விண்டோஸில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு செய்தி வரிசையில் சேர்வதில்லை. மவுஸ் நகர்ந்தது என்ற குறிப்பு மட்டும் வைக்கப்படுகிறது. நிரல் அடுத்த செய்தியைக் கேட்கும்போதுதான் அப்போதைய இருப்பிடம் மவுஸ்மூவ் செய்தியாக உருவாகிறது. சாதாரண யூஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 முறை அசைவைத் தெரிவிக்கும். ஒவ்வொரு செய்திக்கும் திரையை மீண்டும் வரைய 40 மில்லிநொடி எடுக்கும் நிரலுக்கோ நொடிக்கு 25 இருப்பிடங்களுக்கு மேல் கிடைக்காது. ஐந்தில் நான்கு போய்விடும்.

சாளரத்தை இழுப்பதற்கு இது குறையன்று, வசதியே. பழைய இருப்பிடங்களை ஒவ்வொன்றாகக் கடந்தால் சாளரம் கைக்குப் பின்னால் தள்ளாடி வரும். அங்கே, இப்போது எங்கே என்ற கேள்விக்கு விடை போதும்.

ஆய்வுக்கூடத்தின் கேள்வி வேறு. 2005இல் ஸ்பைவி, குரோஸ்ஜீன், க்னோப்லிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளர்கள் ஒரு சொல்லைக் கேட்டு அதற்குரிய படத்தைச் சொடுக்கினர். மற்றொரு படத்தின் பெயரும் அதே ஒலியில் தொடங்கியபோது, அம்புக்குறியின் பாதை அப்படத்தின் பக்கம் வளைந்தது. மனத்தின் தயக்கம் அந்த வளைவில்தான் தெரிந்தது. இத்தகைய சோதனைக்குத் தாமே நிரல் எழுதுபவர் மவுஸ்மூவ் செய்தியை மட்டும் நம்பினால், நிரல் திணறும் தருணங்களில் வளைவு நேர்கோடாகப் பதிவாகும். பங்கேற்பாளர் தயங்கவில்லை என்று தரவு சொல்லும்.

தீர்வுகள் கடினமானவையல்ல. செய்தி வந்ததும் இருப்பிடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வரையும் வேலையைப் பின்னுக்குத் தள்ளலாம். விட்டுப்போனவற்றுள் கடைசி 64 வரை கெட்மவுஸ்மூவ்பாயின்ட்ஸ்எக்ஸ் வழியாகக் கேட்டுப் பெறலாம். இயங்குதளம் சேர்க்கும் முடுக்கம் கலவாத அசைவே வேண்டுமெனில் ரா இன்புட் உண்டு. கியூட்டியில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மவுஸ் டிராக்கிங்கை இயக்கினாலொழிய, பொத்தான் அழுத்தாத நகர்வு விட்ஜெட்டுக்கு வருவதே இல்லை.

அசைவு எவ்வழியே, எத்தனை மில்லிநொடி இடைவெளியில் பதிவானது என்பது ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இடம்பெற வேண்டிய செய்தி. தரவில் காணும் நேர்கோடு கையுடையதா, நிரலுடையதா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.