மரை போன போல்ட்

வண்டிக்கு அடியில ஆயில் சொட்டு கிடந்தா அசட்டையா விடாதீங்க. எங்க பைக்கில ட்ரெயின் போல்ட்டை எவ்வளவு திருகினாலும் சும்மா சுத்துச்சு. மரை போயிருந்தது. போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். சர்வீசுக்குச் சர்வீஸ் பலம் காட்டி இறுக்கினால் தேய்வது அலுமினியம்தான்.

எம்சீல் அப்பிடச் சொன்னாங்க சிலர். அது வழியில விட்டுச்சுன்னா ஆயில் மொத்தமும் கொட்டி பிஸ்டன் பிடிச்சுக்கும். அப்புறம் விடியக்காலம் பால் கேனை எதுல ஏத்துறது?

லேத் பட்டறை அண்ணன் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, டேப் போட்டுப் புது மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஹெலிகாயிலைத் திருகி இறக்கினார். பழைய அளவு போல்ட்டே பொருந்துச்சு. உள்ளே துருவல் தங்காம ஆயில் ஊத்திக் கழுவி, புது வாசர் போட்டு அளவா இறுக்கினார். இப்போ அங்கே இருக்கிறது எஃகு மரை.